இருநூற்றைம்பது கிராம், நன்றி

உலகம் உண்டான நாள் முதல் இன்றுவரை, போனில் பேசிச் சரியான யந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. இது சுந்தர்சிங்கின் கண்டுபிடிப்பு. கருங்கல் சந்தைக்கு எதிர்ச்சாரியில், கிரேஸ் எலக்ட்ரிக்கல்ஸ் என்று பெயரெழுதிய பத்துக்குப் பத்து அறையில் இருந்துகொண்டு, இருபத்தேழு வருடமாக மிக்ஸியையும் மோட்டாரையும் மின்விசிறியையும் பிரித்துப் பிரித்து அவன் அடைந்த ஞானம். அதை அவன் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து டீக்கடைக் கிருஷ்ணமணிக்கும், அங்கே டீ குடிக்க வருகிறவர்களுக்கும், டீ குடிக்காமல் சும்மா பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் வாரம் இரண்டு முறை இலவசமாக வழங்கி வந்தான்.

"கேட்டுக்கோ மணி. மனுசன் உண்டாக்குன சாமானத்த மனுசன் திறக்கலாம். திறந்தா காரணம் தெரியும். காரணம் தெரிஞ்சா சரியாவும். இதுல எங்க இருந்து வருது இந்தக் கஸ்டமர் கேரு? ஒருத்தன் காதுல போன வச்சிட்டு பாட்டு கேக்குதான். அந்தப் பக்கம் ஒருத்தி 'காத்திருக்கவும்'ங்கா. இவனும் காத்திருக்கான். யந்திரமும் காத்திருக்கு."

"அப்பம் கம்பெனிக்காரன் எதுக்கு நம்பரு தாறான்?"

"பிள்ள கரஞ்சா வாயில ரப்பர வச்சிக் குடுப்போம்லா, அதுக்கு. எனக்க உயிரு உள்ளவரைக்கும் நான் அந்த நம்பர அமுக்க மாட்டேன். அமுக்கினேன்னு நீ கேள்விப்பட்டா, எனக்க கடைக்க பேர்ப்பலகைய எடுத்து உனக்க அடுப்புல வை."

கிருஷ்ணமணி பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். நல்ல அயனிப் பலகை. இரண்டு நாள் பால் காய்ச்சலாம்.

இந்த ஞானத்துக்கு ஒரேயோர் இடைஞ்சல் இருந்தது. சுந்தர்சிங்கின் கடைக்கும் அவன் மனைவி பூங்கனியின் சிப்ஸ் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தத் தடுப்பில் ஒரு வாசல் உண்டு. கடந்த முப்பத்தோரு நாளாக, காலை பத்து பத்துக்கு, பூங்கனி அந்த வாசல் வழியாக வந்து, அவனுடைய மேசையிலிருக்கும் லேண்ட்லைன் போனை எடுத்து, அவன் கண்ணெதிரே அந்த நம்பரை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

பூங்கனிக்கு இருபத்தாறு வயதில் பார்வை முழுதும் போயிற்று. சிப்ஸ் போடப் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். உதவிக்கு நிற்கும் தங்கபாய், ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காயைத் தொலித்து, சீவுகட்டையில் வைத்து நேரே எண்ணெய்க்குள் சீவி விடுவாள். சீனிச்சட்டி என்கிற பெரிய வாணலியின் முன்னால் பூங்கனி. காய் விழுந்ததும் தேங்காயெண்ணெய் ஒரு பெரும் இரைச்சல் போடும். உப்பும் மஞ்சளும் கலக்கிய தண்ணீரைத் தெளித்தால் இன்னோர் இரைச்சல், பேச்சிப்பாறைப் பக்கத்து மழை தகரக்கூரையில் சாடுகிற மாதிரி. பிறகு சத்தம் பைய இறங்கும். இறங்கி இறங்கி, கொலுசு போட்டவள் தூரப்போவதுபோல் ஓர் இடத்துக்கு வரும். அந்த இடத்தில் அரிகரண்டியை விட்டு அள்ளிவிடுவாள். முந்தினால் நமுத்துப்போகும். பிந்தினால் கசக்கும். கண்ணுள்ளவர்கள் நிறத்தைப் பார்த்து அள்ளுவதால்தான் இந்த ஊரில் பாதிக் கடைச் சிப்ஸ் பல்லில் ஒட்டுகிறது என்பது அவளுடைய உறுதியான அபிப்பிராயம்.

நிறுப்பதில்தான் சிக்கல் இருந்தது. முன்பு தட்டுத்தராசு வைத்திருந்தாள். முள் நேராக நிற்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டால் முள் சாயும். சாய்ந்ததும், "அக்கா, தட்டுல கை வைக்கண்டாம்" என்பார்கள். பத்துக் கிராம் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாலும் அந்தச் சொல் காதுக்குள்ளேயே கிடக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்பு, நாகர்கோவிலில் உள்ள பார்வையற்றோர் துணைச் சேவை மையத்தில் அவளுக்கு ஒரு பேசும் தராசு கொடுத்தார்கள். எங்கோ பெரிய ஊர்க் கம்பெனி ஒன்றின் தருமத்தில் ஓடுகிற மையம். பூங்கனிக்கு அது சென்டர். பொட்டலத்தை வைத்தால் தராசுக்குள்ளிருந்து ஒரு பெண், பாடப்புத்தகம் வாசிக்கிற குரலில், "இருநூற்றைம்பது கிராம். நன்றி" என்பாள். முதல் வாரம் சிப்ஸ் வேண்டாதவர்களும் வந்து நிறுத்து வாங்கிப் போனார்கள். "உங்க வீட்டுக்காரரு ஒருநாளாவது இவ்வளவு மரியாதையா பேசியிருக்காரா?" என்று தங்கபாய் கேட்டாள். பூங்கனி யோசித்துவிட்டு, "கலியாணத்தன்னைக்கு போட்டோக்காரன்ட்ட பேசினாரு" என்றாள்.

ஆடிச் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். எண்கள் சிவப்பாக எரிந்தன. குரல் மட்டும் இல்லை.

சுந்தர்சிங் ஸ்க்ரூடிரைவருடன் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தான். "அஞ்சு நிமிசம்."

"தொடப்படாது. அடியில ஸ்டிக்கரு ஒட்டியிருக்கு. திறந்தா சர்வீஸு கிடையாதுன்னு எழுதியிருக்காம். நான் சென்டருக்கு போன் போடுதேன்."

"போனு போட்டு..." என்று சிரித்தான் சுந்தர்சிங்.

பதிவு செய்யப்பட்ட எண்ணிலிருந்துதான் கூப்பிட வேண்டுமாம். பதிவு செய்திருந்தது கிரேஸ் எலக்ட்ரிக்கல்ஸ் போன். அதனால் முழு நாடகத்தையும் அவன் இருக்கையிலிருந்தே கேட்க முடிந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் வீணைபோல் ஒரு பாட்டு. பிறகு ஒரு குரல்: "உங்கள் குறையை நாங்கள் உணர்கிறோம். யந்திரத்தின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள பதினான்கு இலக்க எண்ணைப் பார்த்து அழுத்தவும். எண் தெரியவில்லையெனில் கையேட்டின் நான்காம் பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்கவும்."

சுந்தர்சிங் கையிலிருந்த மிக்ஸி ஜாரைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "கண்ணு தெரியாதவங்களுக்க சென்டரு! படத்தப் பாக்கணுமாம்!"

"சிரிச்சு முடிச்சாச்சுன்னா அந்த எண்ண வாசியுங்க."

வாசித்தான். அவள் ஒரே தடவையில் மனதில் ஏற்றிக்கொண்டாள். ஒன்பது, பூஜ்யம், நாலு, நாலு, ஏழு என்று நாளுக்கு ஒருமுறை ஜெபம் மாதிரி ஒப்பிப்பாள். ஜின்சி என்று ஒரு பெண் எடுப்பாள். "டெக்னீசியன் வருவாங்க மேடம்" என்பாள். மூன்று நாள் யாரும் கூப்பிடாவிட்டால் குறை தானாகத் தீர்ந்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும், அதனால் விடாமல் கூப்பிடுங்கள் என்றும் அந்தப் பெண்ணே ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொல்லிக் கொடுத்தாள். கடைசியில், சேவை திருப்தியாக இருந்ததா என்று தெரிவிக்கத் திரையில் தோன்றும் சிரித்த முகத்தைத் தொடச் சொல்வார்கள். பூங்கனி போனை வைத்துவிட்டு சீனிச்சட்டிக்குப் போவாள்.

"இன்னைக்கு யாரு வாறா? கலெக்டரா?" என்பான் சுந்தர்சிங்.

"வருவாங்க. வராம எங்க போவாங்க?"

குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் அபினா, செல்போனில் ஒரு செயலியை ஏற்றச் சொன்னாள். கேமராவைக் காட்டினால் எதிரே இருப்பதை வாசிக்குமாம். தராசைக் காட்டினார்கள். "மேசையின் மேல் கறுப்புப் பொருள். அருகில் ஓர் ஆண், சிரிக்கிறார்" என்றது. சிவப்பு எண்ணைப் பற்றி அதற்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

இதற்கிடையில் நிறுவையைத் தங்கபாய் வாசித்துச் சொன்னாள். தங்கபாய்க்கு அறுபத்தொரு வயது. மூக்குக்கண்ணாடியை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமை இருநூற்றைந்தை இருநூற்றைம்பது என்று சொல்லிவிட்டாள். வாங்கிய ஆள் பலசரக்குக் கடையில் வைத்து மறுநிறை பார்த்துவிட்டு வந்து, சந்தை நிறைந்து நிற்கும்போது, "கண்ணு தெரியாதவங்கன்னு வாங்க வந்தா, நம்ம கண்ணக் கெட்டுதாங்க" என்று கத்தினான்.

பூங்கனியின் அரிகரண்டி சட்டிக்கு மேலேயே நின்றது. எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பதினாறு வருடத்தில் முதல்முறையாக ஒரு சட்டி சிப்ஸ் கரிந்தது.

அன்று மதியம் மரச்சீனிக்கிழங்கும் சாளைக்குழம்பும் தின்றுகொண்டிருந்தபோது சுந்தர்சிங் சொன்னான்: "நான் வந்து வாசிச்சுத் தாறேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு."

"நான் உங்க கடையில வந்து நின்னுட்டு, இது சிவப்பு வயரு, இது கறுப்பு வயருன்னு ஓரொண்ணா சொல்லித் தந்தா உங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

"நீ எப்பிடி சொல்லுவ?"

"அதத்தான் நானும் கேக்குதேன். எனக்க கடைல எனக்க நிறுவைய நான் கேக்கணும். ஆளு வச்சி நிறுத்துகதுக்கு நான் எதுக்கு அங்க இருக்கணும்? வீட்டுல இருந்து ரேடியோ கேக்கலாம்லா." கிழங்கைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தாள். "ஓணத்துக்குப் பதினஞ்சு நாளுதான் இருக்கு. திருவட்டாறு பள்ளிக்கூட டீச்சர்மாரு நாப்பது கிலோ சொல்லியிருக்காங்க. கால் கால் கிலோவா நூத்தியறுவது பாக்கெட்டு. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் பின்ன கடையப் பூட்டிர வேண்டியதுதான். பூட்ட மாட்டேன்."

சுந்தர்சிங் அதற்குமேல் கிழங்கு கேட்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அவனுக்குத் தலைவலி வந்தது. பூங்கனியும் தங்கபாயும் கோயிலுக்குப் புறப்பட்டுக் குடை தெருமுனை திரும்பியதும் தலைவலி போய்விட்டது. கடையைத் திறந்து தராசைக் கவிழ்த்தான். ஸ்டிக்கரின் மேல் வெந்நீர்ப் பாத்திரத்தின் ஆவியைக் காட்டி, சவரப் பிளேடால் மூலையிலிருந்து உரித்து, கிழியாமல் எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி வைத்தான். இதை ஒரு டாக்டர் செய்திருந்தால் பேப்பரில் போட்டிருப்பார்கள்.

திறந்தான். காரணம் தெரியவில்லை. ஸ்பீக்கரைப் பாட்டரியில் தொட்டுப் பார்த்தான், கரகரத்தது. அது நன்றாக இருக்கிறது. வயர்கள் நன்றாக இருக்கின்றன. நடுவில் பொட்டுக்கடலை அளவில் ஒரு கறுப்புச் சில்லு. அந்தப் பெண் அதற்குள்தான் இருக்கிறாள். இருபத்தேழு வருடத்து ஞானம் அந்தப் பொட்டுக்கடலைக்கு வெளியே நின்றது. ஈயத்தை உருக்கி அதன் கால்களை ஒருமுறை தொட்டுவிட்டான். சுவிட்சைப் போட்டதும் தராசு, தடித்த ஆண் குரலில், இழுத்து இழுத்து, "நன்ன்ன்றி" என்றது. அதன் பிறகு அதுவும் இல்லை.

மூடினான். ஸ்டிக்கரைப் பசை தடவி அதே இடத்தில் ஒட்டினான். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தான். உலகத்தில் ஒருவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

திங்கட்கிழமை காலை பூங்கனி வழக்கம்போல ஈரத்துணியால் தராசைத் துடைத்தாள். மேலே, பக்கவாட்டில், கவிழ்த்து அடியில். விரல் நின்றது.

"அபினாக்க அப்பா."

"என்னட்டி?"

"நேத்து உங்க தலைவலி எப்பம் மாறிச்சு?"

"ஒரு பத்தரை இருக்கும்."

"தராசத் திறக்கதுக்கு மின்னயா, மூடினதுக்குப் பிறகா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு திருகாணி தரையில் விழுந்து உருண்டது.

"யாரு திறந்தா? ஏட்டி, நீ வந்து பாரு, ஸ்டிக்கரு அப்பிடியே..."

"நான் பாக்கவா? இந்த மூலையில பசை காஞ்சி கட்டியா நிக்கி. நாலு வருசமா மழமழன்னு இருந்த மூல. நீங்க இத கண்ணுக்கு ஒட்டினியளா, கைக்கு ஒட்டினியளா?"

சுந்தர்சிங் வாசலில் வந்து நின்றான். மாவட்டத்திலுள்ள கண்ணுள்ள அத்தனை பேரிடமிருந்தும் அதை அவன் ஒளித்துவிட்டான். ஒளிக்க வேண்டியவள் ஒருத்திதான் இருந்தாள்.

"சரி, திறந்தேன். முப்பத்திரண்டு நாளு ஒருத்தனும் வரல்ல. உனக்க முகத்தப் பாத்துட்டு இருக்க முடியல்ல. ஆனா அவனுவளுக்குத் தெரியாது பூங்கனி. கையால தடவியா பாக்கப் போறான்? நீ ஒண்ணும் பறையண்டாம்."

"அப்பம் நான் பொய் சொல்லணும்."

"பொய்யில்ல. கேட்டாத்தான் பொய். கேக்கவே மாட்டான்."

பூங்கனி துணியை மடித்து வைத்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து அவன் ஒரு தோளைச் சற்றுத் தாழ்த்தி வைத்திருந்தான். "மறைக்கணும்னா நான் எதுக்கு மறைக்கணும்? வராதவன்லா மறைக்கணும்? நாளைக்கு எட்டரை பஸ்ஸுல போலாம். நீங்களும் வாறிய. அந்த ரெண்டு தகர டின்னையும் நிறைச்சி எடுக்கணும்."

"டின்னு எதுக்கு? அவனுவளுக்குக் கைக்கூலியா?"

"வியாபாரத்துக்கு."

செவ்வாய்க்கிழமை மழை வெறித்திருந்தது. திங்கள்சந்தை தாண்டும் வரை பஸ்ஸில் யாரும் யாரோடும் பேச முடியாத கூட்டம். பூங்கனி தராசை மடியில் வைத்திருந்தாள். டின் இரண்டும் சுந்தர்சிங்கின் காலிடுக்கில். உள்ளே இருப்பதென்ன என்று பஸ் முழுவதற்கும் மூக்கு வழியாகத் தெரிந்திருந்தது.

சென்டர் மாடியில் இருந்தது. வாசலிலிருந்து பார்வையற்றோர் கால்வைத்து நடக்கப் புடைப்பு வைத்த மஞ்சள் ஓடு பதித்திருந்தார்கள். பூங்கனி அதைக் காலால் அறிந்து, சந்தோஷமாக, நேராக நடந்தாள். ஓடு போய் ஒரு பெரிய குரோட்டன்ஸ் தொட்டியில் முடிந்தது. முப்பத்திரண்டு படி. மேலே சுவரில் பிரெய்லி எழுத்தில் ஒரு வரவேற்புப் பலகை. தூசி படியாமல் இருக்கக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். சுந்தர்சிங் அதைச் சொன்னதும் அவள் கையை நீட்டிக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.

"மழமழன்னு நல்ல எழுத்து" என்றாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்தாள். இருபத்துமூன்று வயது இருக்கும். காதில் ஹெட்போன். முன்னால் மூன்று போன். "ஒன்பது, பூஜ்யம், நாலு, நாலு, ஏழு..." என்று பூங்கனி தொடங்கியதும், அந்தப் பெண் மீதியைச் சொல்லி முடித்தாள். "கருங்கல் மேடம்! நான் ஜின்சி."

"நீதானா மக்கா? உனக்க குரலு போனுல வயசான குரலு மாதிரி கேக்கும்."

"மூணு மாவட்டத்துக்கு நான் ஒருத்திதான் மேடம்" என்றாள் ஜின்சி.

மேனேஜர் முருகதாஸ் உள்ளேயிருந்து வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் டீ. தராசைக் கவிழ்த்து, ஸ்டிக்கரைப் பார்த்து, "சீல் நல்லா இருக்கே. பதிவு பண்ணிக்கிடலாம். டெக்னீசியன் கோயம்புத்தூர்லேருந்து வரணும்" என்றார். சுந்தர்சிங் மனைவியின் தோளை ஒரு விரலால் தட்டினான். பார்த்தியா?

"சீலு நல்லா இல்ல சார். இவரு திறந்தாரு" என்றாள் பூங்கனி. "மெக்கானிக்கு. திறந்தாச் சரியாவும்னு ஒரு நம்பிக்க. முப்பத்திரண்டு நாளு நீங்க யாரும் வராததுனால திறந்தாரு. ரெண்டையும் சேத்து எழுதுங்க."

முருகதாஸ் டீயை வைத்தார். "திறந்திருந்தா ஒன்பதாம் விதிப்படி சேவை ரத்தாயிரும்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

"செரி. அத எழுதித் தாங்க."

"இப்பவே தாரேன்."

"நான் வாசிக்கும்படியா தாங்க. புடைப்பு எழுத்துல."

அவர் ஜின்சியைப் பார்த்தார். ஜின்சி மேசையைப் பார்த்தாள். "பிரெய்லி அச்சு யந்திரம் பழுதும்மா. புகார் குடுத்திருக்கோம்."

"எத்தன நாளாச்சு சார்?"

"ஒன்றரை வருசம்" என்றாள் ஜின்சி. மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தினம் போன் போடுதியளா?" என்று பூங்கனி அக்கறையாகக் கேட்டாள். "போடணும். மூணு நாளு விட்டா தீந்து போச்சுன்னு எடுத்துக்கிடுவாங்க."

பிறகு அவள் கையால் மேசையின் விளிம்பைக் கண்டுபிடித்து, தராசை அதன் மேல் வைத்து, வயரின் முனையைக் கணவனிடம் கொடுத்தாள். இருபத்தேழு வருட ஞானி பிளக்கைத் தேடிச் சொருகினான். எண் எரிந்தது. அவள் முதல் டின்னின் மூடியை நெம்பினாள். புதுத் தேங்காயெண்ணெய் மணம் அறைக்குள் இறங்கியது. பெஞ்சில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் காத்திருந்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள்.

"என்னம்மா பண்ணுதீங்க?"

"எனக்க தராசு காட்டும் சார், பேசாது. நீங்க பேசுங்க. ஓணத்துக்கு மின்ன நாப்பது கிலோ நிறுக்கணும். இது சேவை மையம்தான? நான் வேற ஒண்ணும் கேக்கல்ல. நிக்கண்டாம், இருந்துட்டே சொல்லலாம்."

"நான் மேனேஜர்மா."

"அதான் நல்லது. மேனேஜரு சொன்னா ஆளுக சந்தேகப்பட மாட்டாங்க."

"ஆஃபீஸ்ல இதெல்லாம் கூடாது. வெளிய போங்க."

"போலீஸக் கூப்பிடுங்க. போன் இருக்குல்லா. ஆனா நீங்க போட்டா எடுக்காங்களான்னு தெரியல்ல." அவள் பாக்கெட்டை விரித்து, கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டுத் தராசின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள். அவசரமே இல்லை. கண்ணிமை அசையவில்லை. முப்பத்திரண்டு நாள் வீணைப் பாட்டைக் கேட்டு நின்ற ஆளுக்கு இது என்ன?

பெஞ்சிலிருந்தவர்களில் ஒருவர், "எவ்வளவு சார்?" என்றார். கீழ்த்தளத்து டியூஷன் சென்டரிலிருந்து மணம் பிடித்து ஏறி வந்த இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். முருகதாஸ் தொண்டையைச் செருமினார்.

"இருநூத்தி முப்பத்தெட்டு."

பூங்கனி ஒரு சிறு கைப்பிடி போட்டாள்.

"இருநூத்தம்பது."

"கிராம்" என்றாள் அவள்.

"கிராம்."

"நன்றி சொல்லல்ல."

"யாருக்கும்மா?"

"யந்திரம் சொல்லும் சார். நீங்க அதுக்க இடத்துலதான நிக்கிய."

ஜின்சியின் தோள் குலுங்கியது. சுந்தர்சிங் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முருகதாஸ், சந்தனம் வியர்வையில் இறங்கி வர, "இருநூற்றைம்பது கிராம். நன்றி" என்றார். பெஞ்சிலிருந்தவர் கையை நீட்டி அதை வாங்கினார்.

மதியத்துக்குள் முதல் டின் விற்றுக் காலியாயிற்று; இரண்டாவது, டீச்சர்மாருக்கான பாக்கெட்டுகளாகிக்கொண்டிருந்தது. மேனேஜர் குரலுக்கு ஒரு சீர் வந்துவிட்டது. நடுவில் ஒருமுறை அவரே தன் செல்போனை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்குப் போட்டார். கை ஒழியாததால் ஸ்பீக்கரில் வைத்தார். வீணைப் பாட்டு. அதே பாட்டு.

"நாலு நிமிசம் ஓடும் சார்" என்றாள் பூங்கனி, பாக்கெட்டின் வாயை முறுக்கிக்கொண்டே. "முடிஞ்சா திரும்ப முதல்ல இருந்து வரும். வைக்காதீங்க. வச்சா வரிசையில கடைசிக்குப் போயிருவிய."

அவர் வைக்கவில்லை. ஒன்பதாவது முறை பாட்டு முடிந்ததும் யாரோ எடுத்தார்கள். அவர் எழுந்து நின்று பேசினார். கடைசியில் கெஞ்சினார். "மாத்துத் தராசு அனுப்புறாங்களாம்மா. உறுதியா."

"எப்பம்?"

"அது சொல்லல."

"அப்பம் வாறவரைக்கும் நான் வாறேன். காலம்பற வறுத்துட்டு எட்டரை பஸ்ஸு."

"ஒண்ணும்மா" என்றார் அவர் களைத்துப்போய். "புகார் போன்ல பதிவானது. அதே நம்பர்லேருந்து கூப்பிட்டுட்டே இருந்தாத்தான் மாத்துத் தராசு உங்க பேர்ல நிக்கும். நேர்ல வந்ததக் கம்ப்யூட்டர் எடுக்காது. விதி."

திரும்பும் பஸ்ஸில் காலி டின்னுக்குள் தராசு இருந்தது. பூங்கனி சொன்னாள்: "நாளைக்கு எனக்குத் தொணைக்குத் தங்கபாய் வருவா. நீங்க கடையில இருந்து பத்து பத்துக்கு அந்த நம்பரப் போடணும்."

"நானா?" சுந்தர்சிங் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏட்டி, ஊருக்குள்ள எனக்கு ஒரு பேரு இருக்கு. வேணும்னா நானும் உன்கூட வந்து, அந்த மேனேஜருக்க கழுத்தப் பிடிச்சிட்டு நிக்குதேன். இது மட்டும் என்னால ஆவாது. காதுல பழுக்கக் காய்ச்சுன கம்பிய விட்டாலும் விடுவேன்."

"செரி" என்றாள் அவள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் காற்றை வாங்கினாள்.

புதன்கிழமை அவள் எட்டரை பஸ் ஏறினாள். சுந்தர்சிங் ஒரு கிரைண்டரைப் பிரித்தான். ஒன்பதரைக்கு அதை மூடினான். மறுபடி பிரித்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் எண்ணெய்ச் சத்தம் இல்லை. பத்து மணிக்கு, ஒன்பது, பூஜ்யம், நாலு, நாலு, ஏழு என்று தலைக்குள் ஒன்று தானாக ஓட ஆரம்பித்தது. பதினான்கு இலக்கமும் வரிசை பிசகாமல் வந்தன. முப்பத்திரண்டு நாள் சிரித்த நேரமெல்லாம் அவன் மனப்பாடம் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

பத்து எட்டுக்கு எழுந்து வெளியே பார்த்தான். மழை தூறியது. ரோட்டில் தெரிந்த முகம் யாரும் இல்லை. ஷட்டரைப் பாதிவரை இறக்கினான். மேசையடியில் ஸ்டூலைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு அமுக்கினான்.

வீணை. நாலு நிமிடம். திரும்ப முதலிலிருந்து. ஐந்தாவது சுற்றில், அடுத்து எங்கே தாளம் மாறும் என்று அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

ஷட்டருக்கு அடியில் ஒரு டீக்கிளாஸ் நுழைந்தது. பின்னாலேயே கிருஷ்ணமணியின் தலை. மேசைக்கு அடியில் இருந்த சுந்தர்சிங்கையும், மடியிலிருந்த போனையும், காதில் ஒட்டியிருந்த ரிசீவரையும் வரிசையாகப் பார்த்தான். வாயைத் திறந்தான். சுந்தர்சிங் ஒரு விரலை உயர்த்தி உதட்டில் வைத்தான். கிருஷ்ணமணி டீயைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய், தலையை நிமிர்த்திக் கடையின் பெயர்ப்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாட்டு நின்றது. "வணக்கம், சேவை மையம், ஜின்சி பேசறேன்."

சுந்தர்சிங் பதினான்கு எண்ணையும் மூச்சுவிடாமல் சொன்னான்.

"கருங்கல் சாரா!" என்றாள் ஜின்சி. "பதிவு பண்ணணும்னா மேனேஜர் ஓகே அமுக்கணும். அவரு கொஞ்சம் வேலையா இருக்காரு. காத்திருக்க முடியுமா சார்?"

அவள் குரலுக்குப் பின்னால் ஒரு கூடம் நிறைய ஆள்களின் பேச்சு. பிளாஸ்டிக் பாக்கெட் முறுகும் ஓசை. அதற்கும் பின்னால், பாடப்புத்தகம் வாசிப்பதுபோல், திருத்தமாக ஓர் ஆண் குரல்: "இருநூற்றைம்பது கிராம். நன்றி."

"அடுத்தது வைக்கேன் சார்" என்றாள் பூங்கனி.

சுந்தர்சிங் ரிசீவரைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டான்.

"இருக்கேன் மக்கா," என்றான். "பைய வரட்டு."